நேர்கோட்டில் நின்ற வெள்ளம்

அந்த வெள்ளக் கணிப்பு வரைபடத்தில் ஏரிநீர் ஒரு தெருவின் பின்புறத்தில், அளவுகோல் வைத்து வெட்டியதுபோல நேர்கோட்டில் நின்றிருந்தது. உண்மை வெள்ளம் அப்படி நிற்காது. வரைபடத்தை அரை மணி நேரத்துக்கு முன்பே பேரிடர்ப் பிரிவுக்கு அனுப்பியிருந்தேன்.

பணி ஓய்வுக்குப் பின், வேங்கிக்கால் வீட்டிலிருந்தபடியே ஒரு வெள்ளக் கணிப்பு மென்பொருளை வேகப்படுத்தும் வேலையை ஏற்றிருந்தேன். நிரல் ஓடுவது வெளியூரில் உள்ள சூப்பர் கம்ப்யூட்டரில். நிலப்பரப்பைச் சிறு பிளாக்குகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு பிராசஸர் கணக்கிடும். பக்கத்து பிளாக்குகள் தம் எல்லையோர நீரின் அளவை ஒன்றுக்கொன்று தெரிவித்துக்கொள்ளும். பிளாக்கின் அளவு, தெரிவிக்கும் இடைவெளி ஆகியவற்றை ஆட்டோ டியூனர் என்ற கருவி நூற்றுக்கணக்கான விதங்களில் மாற்றி ஓட்டிப் பார்க்கும். பழைய நிரலின் விடையோடு ஒத்துப்போகிறவற்றுள் மிக விரைவானதைத் தேர்ந்தெடுக்கும். நான்கு மணி நேர வேலையை அது பத்து நிமிடமாகக் குறைத்தபோது, அண்ணாமலையார் அருள் என்று மகிழ்ந்தேன்.

அந்த வேகத்தின் காரணம் இப்போது விளங்கியது. சோதனை சீக்கிரம் முடியட்டும் என்று டியூனருக்கு நான் கொடுத்தது சித்திரை மாதத்து ஒரு நாளின் தரவு. ஏரியில் நீரே இல்லாத நாள். பிளாக்குகள் ஒன்றோடொன்று பேசாவிட்டாலும் அன்று விடை மாறாது. ஆகவே பேச்சை அறவே நிறுத்திய வடிவத்தையே அது சிறந்ததெனத் தேர்ந்துவிட்டது. மழைநாளின் ஏரிநீர் பக்கத்து பிளாக்குக்குள் போகாமல் எல்லையிலேயே நின்றது அதனால்தான்.

வெளியே மூன்றாம் நாளாக மழை. பேரிடர்ப் பிரிவு அலுவலர் செல்வியை அழைத்து, மேப்பை மறுபடி ஓட்ட வேண்டும், நான்கு மணி நேரம் ஆகும் என்றேன்.

“நேத்து பத்து நிமிஷம்னீங்க. இன்னைக்கு மிஷினுக்கு ஜுரமா சார்?”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீர் அந்தத் தெருவுக்குள் வராது என்று காட்டியது பிழை என்றேன்.

“இப்பதாங்க அவங்கள வீட்லயே இருங்கன்னு சொல்லிட்டு வந்தேன். நாப்பது குடும்பம். தண்ணி வருமா, வராதா?”

வரும் என்று சொல்ல என்னிடம் கணக்கு இல்லை. வராது என்று சொன்ன கணக்கோ என்னுடையது. அவர்களை மேட்டுக்கு ஏற்றிவிட்டு, நீர் வராமல் போனால், அடுத்த மழைக்கு அந்தத் தெரு அவர் பேச்சைக் கேட்காது. நாள்தோறும் ஓதும் பதிகத்தின் முதலடிகூட நினைவுக்கு எட்டவில்லை.

“தெரியலம்மா. தப்பு என்னுது. எல்லாரையும் மேட்டுக்கு ஏத்திடுங்க.”

பழைய நிரலை ஓடவிட்டுத் திரைமுன் அமர்ந்திருந்தேன். மூன்று மணி நேரம் கழித்துச் செல்வியே அழைத்தார். எல்லாரும் பள்ளிக்கூடத்துக்கு வந்துசேர்ந்துவிட்டார்கள். தெருவில் இடுப்பளவு நீர். நிரல் அப்போதும் முடிந்திருக்கவில்லை.

“அடுத்த மேப்ப கொஞ்சம் பயந்துட்டு அனுப்புங்க சார்” என்று சொல்லிவிட்டு வைத்தார்.

இப்போது டியூனரின் சோதனைத் தரவு அந்த மழைநாளினுடையது. ஒவ்வொரு சோதனையும் நெடுநேரம் பிடிக்கிறது. உடன் பணிபுரிவோர் சலித்துக்கொள்கிறார்கள். வேகத்தைத் தேடும் கருவிக்கு, சரியென நாம் எதைக் காட்டுகிறோமோ அதற்குமேல் எதுவும் தெரியாது. தேர்வான நிரலை ஒப்படைக்கும் முன் ஒவ்வொரு பிளாக்கின் விளிம்பையும் பார்க்கிறேன். பார்த்த பிறகும் அஞ்சி, இன்னொரு முறை பார்க்கிறேன். சந்நிதியில் எத்தனையோ வேண்டிக்கொள்கிறேன். இந்த அச்சத்தை நீக்கியருள் என்று மட்டும் வேண்டுவதில்லை.