துண்டு வைத்த பக்கம்

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்துப் போட்டோக்கொப்பிக் கடையில்தான் இப்போதும் வேலை செய்கிறேன். முன்பெல்லாம் பின்னேரங்களில் மாணவர்கள் வாசலுக்கு வெளியிலும் நிற்பார்கள். நூலகப் புத்தகத்தை அன்றைக்கே திருப்பிக் கொடுக்க வேண்டும். அதனால் வேண்டிய பக்கங்களில் காகிதத் துண்டு செருகிக் கொண்டு ஓடிவருவார்கள். இப்போது போனில் படமெடுத்துவிடுகிறார்கள். சூடான தாளின் மணம் கடையில் குறைந்துவிட்டது.

அந்த நாட்களில்தான் என் விரல் மூட்டுகள் வீங்கத் தொடங்கின. கிளினிக்கில் குளிசை தந்தார்கள். எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் குளிசை என்றதும் பயந்து மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டேன். கை போனால் வேலையும் போய்விடும். ஆனாலும் திரும்பப் போய்க் கேட்கக் கூச்சம்.

வழமையாக வரும், உயிரியல் படிக்கும் மாணவி ஒருத்தி கவனித்துவிட்டாள்.

"என்ன அண்ணை, உள்ளங்கையாலை தாள் புரட்டுறியள்? விரலெல்லாம் வடை மாதிரிக் கிடக்கு. குளிசை தரேல்லையோ?"

"தந்தவை, பிள்ளை. எதிர்ப்புச் சக்தியைக் குறைக்குமாம். இருக்கிறதையும் குறைச்சால் பிறகென்ன மிச்சம்?"

அவள் சிரித்தாள். கையிலிருந்த புத்தகத்தைக் காட்டினாள்.

"இதை முழுக்கக் கொப்பி எடுப்பியளோ?"

"இல்லை, துண்டு வைச்ச பக்கம் மட்டும்."

"உடம்பிலை ஒவ்வொரு கலத்துக்குள்ளையும் உதுதான் நடக்குது. டி.என்.ஏ. பெரிய புத்தகம், வெளியிலை குடுக்கமாட்டினம். கிருமி வந்தால் ஒரு புரதம் உள்ளை போய், சண்டைக்கு வேண்டிய பக்கத்திலை துண்டு மாதிரி இருக்கும். படியெடுத்தல் காரணி எண்டு பேர். அந்தப் பக்கத்தின்ரை கொப்பிதான் வெளியிலை வரும். கிருமி போனால் துண்டும் கழர வேணும். உங்களுக்குக் கழரேல்லை. கிருமி இல்லாமலே மெஷின் ஓடுது, அதுதான் மூட்டு வீங்குது."

"அப்ப குளிசை?"

"துண்டை உருவத்தான், அண்ணை. புத்தகத்தைக் கிழிக்க இல்லை. வேறை பயம் இருந்தால் டொக்டரிட்டைக் கேளுங்கோ. லாச்சியைக் கேக்காதையுங்கோ."

அடுத்த நாள் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு முதல் குளிசையைப் போட்டேன். வீக்கம் மெல்ல மெல்ல வடிந்தது.

படிப்பு முடிந்து போகும் முன் அவள் ஒரு தடித்த புத்தகம் கொண்டுவந்தாள். கொப்பி எடுத்து முடித்ததும், ஒவ்வொரு துண்டையும் விரல் நுனியால் பிடித்து உருவினேன். பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இப்ப விரலாலை உருவ ஏலுது போலை, அண்ணை?"

உருவிய துண்டுகளை அவள் கையில் வைத்தேன். "ஓம், பிள்ளை."