சவரி அண்ணனின் கடைசிச் சுரம்

பிள்ளைகளே, டத்தோ கிராமாட்டில் மழைக்கு ஒதுங்கி அப்பா ஒரு தேவாலய வாசலில் நிற்கிறேன். பக்கத்தில் சவரி அண்ணன் தன் ட்ரம்பெட்டைத் துடைக்கிறார். உள்ளே அவருடைய மகளுக்குக் கல்யாணம். மணப்பெண் உள்ளே நடந்துவரும் பாட்டின் கடைசிச் சுரத்தை, அவள் பீடத்தை அடையும்வரை இழுத்து ஊதுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறாராம்.

"மூச்சு தாங்குமாண்ணே?" என்கிறேன்.

"முன்ன கஞ்சா புகைப்பேன் தம்பி, ஊதினா இருமல்தான் வரும். எல்லை தாண்டி ஹாட்யாய்ல ஒரு கடைக்காரன், எரிக்காம சூடாக்கி ஆவியா இழு, ஒன்னும் செய்யாதுன்னான். இருமல் கொறஞ்சது உண்மைதான் லா. ஆனா போதை இன்னும் கூடுதலா ஏறிருச்சு. கூட்டாளி கல்யாணத்துல, பொண்ணு உள்ள வர்றதுக்கு முன்னாலயே கல்யாணம் முடிஞ்சு ஜோடி வெளிய போற பாட்ட ஊதிட்டேன். மாப்பிள்ளை தனியா எழுந்து நடந்துட்டான்."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"புகையும் ஆவியும் விட்டாத்தான் என் கல்யாணத்துல நீங்க ஊதலாம்னுட்டா மக. ஒரு வருஷமா ரெண்டும் இல்ல."

எரிக்காததால் ஆவியில் கரி குறைவு, பிள்ளைகளே. அதற்காக நுரையீரலுக்குக் கெடுதல் இல்லை என்று ஆகாது. தலைக்கு ஏறுவதும் அதே கஞ்சாதான்.

தாய்மாமன் கையைப் பிடித்து மணப்பெண் நடக்கிறாள். கடைசிச் சுரம் தொடங்கியதும் வேண்டுமென்றே அடியை மெதுவாக்குகிறாள். அண்ணன் முகம் சிவக்கிறது, சுரம் அறுபடவில்லை. பீடத்தை அடைந்தவள் திரும்பி, போதும் என்று சிரித்தபடி தலையசைக்கிறாள்.

அவர் நிறுத்துவதாக இல்லை.