நிமிர்ந்து நிற்கிறவரின் முதுகுவலி

என் வீட்டுக்காரர் உட்கார மாட்டார். பட்டாளத்தை விட்டு ஊருக்கு வந்த நாளிலிருந்து இதே கதைதான். பாதிச் சாப்பாட்டில் எழுந்து தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நடப்பார். சர்ச்சில் பிரசங்கம் கொஞ்சம் நீண்டால் போதும், பின்சுவரில் முதுகைச் சாய்த்து நின்றுவிடுவார். பனச்சமூட்டில் பஸ் ஏறினால் கிடைத்த சீட்டை யாருக்காவது கொடுத்துவிட்டுக் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வருவார். ஒருவர் இப்படி ஹாலுக்கும் அடுக்களைக்குமாக நடந்துகொண்டே இருக்கிற வீட்டில் இன்னொருத்தி எப்படி நிம்மதியாக உட்கார்ந்து காய் நறுக்குவது? எனக்கும் அந்த நடை தொற்றிக்கொண்டது.

உட்கார்ந்தால் வலிக்கும், அதனால்தான் நடை. முதுகெலும்பில் டிஸ்க் தள்ளியிருக்கிறது. வடக்கே மலைப்பாதைகளில் வருடக்கணக்காகப் பட்டாள லாரி ஓட்டியவர். ஒருமுறை பனியில் வண்டி சறுக்கிப் பள்ளத்தில் விழுந்தது. இவரை இழுத்து வெளியே போட்டார்கள். அதற்குப் பிறகும் ஓட்டினார். ஆனால் ஓய்வு பெற்றபோது மருத்துவ போர்டு என்ன எழுதியது தெரியுமா? இந்த நோய் பட்டாள வேலையால் வந்ததும் அல்ல, அதனால் கூடியதும் அல்ல என்று. ஊனமுற்றோர் பென்ஷன் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்படியென்றால் இந்த வலியை யார் கொடுத்தது? கல்யாணத்துக்குச் சீதனமாக நான் கொண்டுவந்தேனா?

அப்பீல் போட்டோம். காரக்கோணம் ஆஸ்பத்திரியில் புதிதாக ஸ்கேன் எடுத்துச் சேர்த்தோம். பென்ஷன் தேவைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் என்னை உறங்கவிடாமல் செய்தது ஊர்ப்பேச்சு. ரப்பர் கடை முன்னால் ஒருத்தன் என் காது கேட்கவே சொன்னான்: "பஸ்ஸில நெஞ்ச விரிச்சு நிக்குதவனுக்கு நடுவு நோவாம்! பென்ஷனுக்கு உள்ள கள்ள நோவாக்கும்." இவர் காதிலும் அது விழுந்தது. நடந்துகொண்டே இருந்தார். இந்த மனிதன் பொய் சொல்லவில்லை என்று பட்டாளமே எழுதித் தர வேண்டும். எனக்கு வேண்டியது அதுதான்.

மறுபடியும் பரிசோதனைக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. எனக்கு டாக்டர்களைப் பற்றிப் பயமில்லை, இவரைப் பற்றித்தான் பயம். பட்டாளத்தில் வலி என்று சொல்கிறவனுக்கு வேலைக்கள்ளன் என்று பெயர். அங்கே இவர் நன்றாகப் படித்துக்கொண்டது அது ஒன்றைத்தான். அதனால் பரிசோதனை நாள் வரைக்கும் பரீட்சைக்குப் பிள்ளையைத் தயார் செய்வதுபோல இவரைத் தயார் செய்தேன்.

"நோவுதான்னு கேட்டா நோவுதுன்னு சொல்லணும். கேட்டியளா?"

"செரி."

"குனியச் சொன்னா ஒக்கும்மட்டும் குனிஞ்சா போதும்."

"செரி எட்டி, எனக்குத் தெரியாதாக்கும்?"

அன்று காலையில் பார்த்தால் மீசைக்கு மை அடித்து, சட்டை தேய்த்து, ஷூவைப் பளபளவென்று துடைத்து வைத்திருந்தார். "நோயாளியா போறிய, பரேடுக்கா?" என்று கேட்டேன். "ஆபீசருக்க முன்ன எப்பிடியும் போக ஒக்குமா?" என்றார். நெய்யாற்றின்கரை தாண்டித் திருவனந்தபுரம் வரை நின்றுகொண்டே வந்தார். சீட்டில் இருந்தேன் என்று பெயர்தானே தவிர எனக்கும் இருப்புக் கொள்ளவில்லை.

பட்டாள ஆஸ்பத்திரியில் என்னை வராந்தாவில் நிறுத்திவிட்டார்கள். கதவு பாதி திறந்திருந்தது. டாக்டர் ஒரு மேஜர், எங்கள் மகள் வயதுப் பெண். இவர் குதிகாலைச் சேர்த்து சல்யூட் அடித்தார். அவர் இந்தியில் உட்காரச் சொன்னார். இவர் உட்காரவில்லை. எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார். "நன்றாக இருக்கிறேன், மேடம்!" வராந்தா முழுக்கக் கேட்டது. நான் தலையில் அடித்துக்கொண்டேன். குனியுங்கள் என்றார். குனிந்தார். வீட்டில் முட்டுக்குக் கீழே கை போகாத மனிதர் ஷூவின் நுனியைத் தொட்டார். நிமிர்ந்தபோது கழுத்து நரம்பு புடைத்திருந்தது. வலிக்கிறதா என்று கேட்டதற்கு, கொஞ்சம் என்றார். மேஜர் எழுத ஆரம்பித்தார்.

வெளியே வந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டார். முகமெல்லாம் வேர்வை.

"உங்களுக்க நோவு எங்க போச்சு?"

"இங்கதான் உண்டு."

"பின்ன அத சொல்லப்பிடாதா?"

"ஆபீசர் கேட்டா அப்பிடித்தான் வாயில வருது. நான் என்ன செய்ய? வா, போவோம்."

மேஜர் எழுதி முடித்துவிட்டால் தீர்ந்தது. இவரைப் பொய்யன் என்று பட்டாளம் இரண்டாவது தடவையும் சொல்லிவிடும். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. வாசலில் நின்ற சிப்பாய் தடுக்கத் தடுக்க உள்ளே போய்விட்டேன். குவார்ட்டர்ஸில் இருந்த காலத்தில் படித்த அரைகுறை இந்தியில் சொன்னேன்: "மேடம், பென்ஷனுக்காக எல்லாரும் வலி இருக்கிறதென்று பொய் சொல்வார்கள். இவர் இல்லையென்று பொய் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். கேட்டால் உண்மை வராது. நீங்கள் ஆர்டர் போடுங்கள்."

திட்டுவார் என்று நினைத்தேன். பேனாவை வைத்துவிட்டு, ஒரு தாளை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்தார். நானும் பின்னாலேயே வந்தேன்.

"ஹவில்தார்!"

இவர் சுவரை விட்டார். அட்டென்ஷன். பார்வை நேராக எதிர்ச்சுவரில்.

"உடம்பில் என்னென்ன கோளாறு? ஒன்றும் விடாமல் ரிப்போர்ட் கொடுங்கள். இது ஆர்டர்."

கொடுத்தார். காவல் மாற்றும்போது சொல்கிற மாதிரி, ஏற்ற இறக்கம் இல்லாமல். "இடது காலில் முட்டுக்குக் கீழே உணர்ச்சி இல்லை. செருப்பு கழன்றால் கீழே பார்த்தால்தான் தெரியும். இருமினால் இடுப்பிலிருந்து பாதம் வரை ஷாக் அடிக்கிறது. கிணற்றடியில் விழுந்திருக்கிறேன், வழுக்கியது என்று வீட்டில் சொன்னேன்." மேஜர் எழுதிக்கொண்டே இருந்தார். அந்தத் தாளின் பேரில்தான் பிறகு அப்பீல் எங்கள் பக்கம் தீர்ந்தது. ஆனால் அன்று அதையெல்லாம் நினைக்கிற நிலையில் நான் இல்லை.

"காலையில் எழுந்திருப்பது எப்படி?" என்று மேஜர் கேட்டார்.

"நேராக எழுந்து நிற்க முடியாது, மேடம். கட்டிலிலிருந்து முதலில் தரையில் இறங்கி முழங்காலில் நிற்பேன். கட்டிலில் தலையைக் கவிழ்த்துக்கொள்வேன். கால் வழிக்கு வரும்வரை அப்படியே இருப்பேன்."

"மனைவி பிடித்துவிட மாட்டாரா?"

"அவளுக்குத் தெரியாது, மேடம். நான் ஜெபம் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு சத்தம் காட்டாமல் அடுக்களைக்குப் போய்விடுவாள்."

உண்மைதான். இவருடைய காலை ஜெபத்தைப் பற்றி சர்ச் பெண்கள் ஐக்கியத்தில் பெருமையாகச் சொல்லிக்கூட இருக்கிறேன். அட்டென்ஷனில் நிற்கிறவர் திரும்பிப் பார்க்கக் கூடாது. நான் அவருக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தேன்.