அப்பா எடுக்க மறுத்த வரி

அப்பா போய் ஒரு வருடம் ஆகிறது. அவருக்காக ஜெபிக்க வந்த எல்லோருக்கும் மகள் எழுதுவது. எனக்கு எட்டாம் வகுப்போடு படிப்பு சரி. தெரிந்ததை எழுதுகிறேன்.

அப்பா பிறந்தது கிளியனூர் பக்கம். தாத்தா இறந்ததும் சிறு வயதிலேயே மரக்காணம் உப்பளத்துக்கு வந்தார். உடம்பில் தெம்பு இருந்த வரைக்கும் உப்பு வாரினார். குடிக்க மாட்டார். பொய் சொல்ல மாட்டார். மழை மாதங்களில் அளத்தில் வேலை இருக்காது. அப்போது பழைய ஜெபப் புத்தகங்களைப் படிப்பார். அவற்றின் முதல் பக்கத்தில் ‘இம்ப்ரிமாத்தூர்’ என்று போட்டு, கீழே ஆயர் பெயர் இருக்கும். லத்தீன் சொல், அச்சிடலாம் என்று அர்த்தம் எனப் பங்குச் சாமியார் சொல்லிக்கொடுத்தார்.

அண்ணன் பத்தொன்பது வயதில் உப்பளத்து மோட்டாரில் கரண்ட் அடித்து இறந்தார். குழியில் இறக்கும்போது அம்மா அழவில்லை. மேலே பார்த்து, “பெத்தவள ஒரு வார்த்தை கேட்டியா?” என்றார்.

அடுத்த தவக்காலத்தில் அப்பா, பெரிய வெள்ளிக்குப் பாட மாதா புலம்பல் எழுதினார். ஒரு நோட்டு முழுக்க. அதில் சிலுவையடியில் நின்று மாதா பிதாவிடம் அதே வார்த்தையைக் கேட்கிறார். அதைப் புத்தகமாகப் போட்டுக் கோயிலில் பாட வேண்டும் என்று அப்பாவுக்கு ஆசை. இம்ப்ரிமாத்தூர் வாங்கணும் என்று சொல்லிச் சொல்லி அளத்தில் அதுவே அவர் பெயராகிவிட்டது.

“ஏம்பா இம்ப்ரிமாத்தூர், ஆயர் வந்து உப்பு வாருவாரா? பலகையப் புடி” என்பார்கள். அப்பா சிரிப்பார்.

சாமியார் நோட்டைப் படித்தார். “எல்லாம் நல்லாயிருக்குதுங்க. இந்த ஒரு வரிய மட்டும் எடுத்துடுங்க. மாதா இப்படிப் பேசியிருப்பாங்களா?”

“பேசினாங்க சாமி. நான் பக்கத்துலதான் நின்னேன்.”

வரியோடுதான் நோட்டு மேலிடத்துக்குப் போனது. பதில் இல்லை. சாமியார் மாறிப் போனார். அடுத்து வந்தவர் எந்த நோட்டு என்று கேட்டார். அப்பா ஞாபகத்திலிருந்து மறுபடி எழுதினார். இந்த முறை இரண்டாக எழுதி, ஒன்றை வீட்டில் வைத்தார். ஏழு பெரிய வெள்ளி போயிற்று.

கடைசியில் கிட்னி போய், புதுச்சேரி ஆஸ்பத்திரியில் கிடந்தார். அங்கேயும், “லெட்டர் வந்துச்சாம்மா?” என்றுதான் கேட்டார்.

“இல்லப்பா.”

பொய் சொல்லியிருக்கலாம்.

அடக்கத்தன்று அந்தப் புலம்பலைக் கோயிலில் பாடலாமா என்று கேட்டோம். அனுமதி இல்லாத பாட்டு என்றார்கள். அப்பாவுக்காகப் போடும் இந்த நினைவு மலரில் அதைச் சேர்த்தால் கோயிலில் கொடுக்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டார்கள். அதனால்தான் உங்களை வீட்டுக்கு வரவழைத்துக் கொடுக்கிறோம்.

அப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடிய அளத்துக்காரர்களுக்கும், ரத்தம் கொடுத்த தம்பிகளுக்கும், ஒரு எழுத்து மாற்றாமல் அடித்துக்கொடுத்த அச்சகத்தாருக்கும் நன்றி. பதில் போடாதவர்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

அச்சுக்குக் கொடுக்கும் முன் அம்மாவுக்கு அந்த வரியைப் படித்துக் காட்டினேன். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

“போடட்டுமாம்மா?”

“என்னையா கேக்கற?”

“உன் வார்த்தைதானே.”

அம்மா முந்தானையில் கட்டைவிரலைத் துடைத்துக்கொண்டு, “எங்க கைநாட்டு வைக்கணும், சொல்லு” என்றார்.

புலம்பலின் முதல் பக்கத்தில், ஆயர் பெயர் வர வேண்டிய இடத்தில், அது இருக்கிறது.