ஆயுசுக்கும் என்று வாங்கியது

என் பேரில் சொந்தமாக எதுவும் இருந்ததில்லை. வீடு வாடகை, கடை வாடகை. திருப்பூரில் இருந்தபோது படுக்கிற பாய்கூட அறையோடு சேர்த்து வாடகைக்கு வந்ததுதான். ஒன்பதாம் வகுப்புப் பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டபின் பனியன் கம்பெனி, பாலக்காட்டுப் பக்கம் ஓட்டல், ஓசூரில் பெயின்ட் வேலை என்று சுற்றினேன். எங்கேயும் பெட்டி நிறையவில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. பஸ்ஸில் ஏறும்போது தூக்குவதற்குச் சுலபமாக இருந்தது.

அப்படிப்பட்ட நான் முதன்முதலில் சொந்தமாக வாங்கிய பொருள், கையில் பிடிக்கவே முடியாத ஒன்று. எழுத்தையும் படத்தையும் திரையில் அசைய வைக்கிற சாப்ட்வேர்.

திண்டுக்கல்லுக்குத் திரும்பி வந்ததும் கல்யாண வீடியோ எடுப்பவர் ஒருவரிடம் லைட் பிடிக்கச் சேர்ந்தேன். வீடியோவை வெட்டி ஒட்டுகிற அறையில் ஏசி இருந்தது. முதலில் ஏசிக்காகத்தான் உள்ளே போனேன். வேலை தெரிந்தவர் நாற்காலிக்குப் பின்னால் நின்று, எதை அழுத்தினால் எது பறக்கிறது என்று இடத்தை வைத்தே பழகினேன். ஆங்கிலம் கூட்டிப் படிக்க வரும், அர்த்தம் பாதிதான் வரும். மீதிப் பாதியை அழுத்திப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். சில வருஷத்தில் திண்டுக்கல்லுக்குப் பக்கத்தில் அகரத்தில் சின்னதாக ஓர் அறை பிடித்துத் தனியாக வேலை செய்ய ஆரம்பித்தேன்.

எங்கள் பக்கத்தில் காதுகுத்து என்றால் தாய்மாமன்தான் நாயகன். அவர் சீர்த்தட்டுகளோடு மேளதாளமாக மண்டபத்துக்குள் நுழையும்போது, மேடையில் இருக்கும் பெரிய எல்இடி திரையில் அவர் படம் வரவேண்டும். இரண்டு பக்கமும் சிங்கம் நடந்து வரும். மேலிருந்து கிரீடம் இறங்கும். பேர் ஒவ்வோர் எழுத்தாகச் சுத்தியல் அடித்தாற்போல் விழும், விழுந்த இடத்தில் தீப்பொறி பறக்கும். இதற்கு மாமன் என்ட்ரி என்று பேர். இதில் எனக்குக் கொஞ்சம் கைராசி இருந்தது. தெரிந்தவர்கள் போனில் என் பேரைக்கூடச் சொல்ல மாட்டார்கள். "புதன்கிழம சிங்கத்தக் கூட்டிட்டு வந்துருய்யா" என்பார்கள்.

கல்யாணப் படத்தை முன்கூட்டியே செய்து எடுத்துப்போய் ஓட்டிவிடலாம். மாமன் என்ட்ரியில் அது நடக்காது. குழந்தையின் தாய்க்கு அண்ணன் தம்பி மூன்று பேர் இருந்தால், யார் வருவார், யார் கோபித்துக்கொண்டு நின்றுவிடுவார், வந்தவர்களில் யார் முன்னால் என்பதெல்லாம் சீர் வாசலுக்கு வரும்வரை முடிவாகாது. எனவே தவணையில் எடுத்த லேப்டாப்பை மண்டபத்திலேயே திறந்து வைத்துக்கொண்டு, வெடிச்சத்தம் கேட்கிற நேரத்திலும் பேரை மாற்றிக்கொண்டிருப்போம். அந்த நேரத்தில் சாப்ட்வேர் மக்கர் பண்ணினால் தொலைந்தோம்.

எனக்கு ஒருமுறை பண்ணியது. திண்டுக்கல்லில் எங்கள் தொழிலில் யாரும் அதைக் காசு கொடுத்து வாங்குவதில்லை. பூட்டை உடைத்த திருட்டுப் பிரதி ஒரு பென்டிரைவில் கடை கடையாகச் சுற்றும். நானும் அதைத்தான் வைத்திருந்தேன். ஒரு காதுகுத்தில் மாமனின் நெற்றிக்குக் குறுக்கே சிவப்பு எழுத்தில், இது உரிமம் இல்லாத பிரதி என்று ஆங்கிலத்தில் வந்து நின்றது. குழந்தையின் அப்பாவழித் தாத்தா என்னிடம் வந்து மெதுவாகத்தான் கேட்டார், பக்கத்தில் மைக் இருந்தது.

"மாப்பிள்ள மொகத்துல என்னமோ செவப்பா எழுதிருக்கேப்பா. கேஸு கீஸு எதும் இருக்கா அவருமேல?"

மண்டபமே சிரித்தது. மாமன் சிரிக்கவில்லை. அதன்பிறகு அந்த ஊரில் எனக்கு வேலை வரவில்லை.

இந்தக் கதையைக் கேட்டுவிட்டுத்தான் என் சிநேகிதன் என் அறைக்கு வந்தான். திருப்பூரில் ஒரே அறையில் இருந்தவன். எனக்கு மஞ்சள்காமாலை வந்து கிடந்தபோது கீழாநெல்லி தேடி அரைத்துக் கொடுத்தவன். இப்போது திண்டுக்கல்லில் எல்இடி திரை வாடகைக்கு விடுகிறான், ஸ்டுடியோக்காரர்களுக்குக் கம்ப்யூட்டர் விற்கிறான். ஒரு சாப்ட்வேர் கம்பெனிக்கு ஏஜென்ட்டும்கூட.

"மத்த கம்பெனியெல்லாம் மாசாமாசம் வாடக கேப்பான் மாப்ள. இது அப்படி இல்ல. ஒரு தடவ வாங்கிட்டா ஆயுசுக்கும் ஒனக்குத்தான். தொறந்தா ஒம்பேரு வரும் பாரு."

பேர் வரும் என்றதில்தான் விழுந்தேன் என்று நினைக்கிறேன். அப்பா பேரில் இருந்த ஒரு பைக்கை விற்று வாங்கினேன். திறந்தால் முதலில் என் பேர் வந்தது. இனிஷியலோடு, முழுசாக. பிறகு லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் போய்வந்தேன். அது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. மற்ற ஸ்டுடியோக்காரர்களுக்குத்தான் நல்ல பொழுதுபோக்கு.

"திண்டுக்கல்லுலயே இதக் காசு குடுத்து வாங்குன ஒரே ஆளு. ஒரு மாலையப் போடுங்கய்யா இவனுக்கு."

போடட்டும் என்று இருந்தேன். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது. அந்த மாதங்களில் வீட்டு வாடகைக்கே திண்டாட்டம். வேலை இல்லாத மாதத்தில் காசு கேட்காத பொருள் அது ஒன்றுதான். வெளியூரில் மாதவாடகைக்கு எடுத்தவர்கள், வேண்டாத மாதம் நிறுத்திக்கொள்ளலாமே என்றார்கள். நிறுத்தியதும் செய்துவைத்த வேலையெல்லாம் திறக்காது என்பதை அவர்கள் சொல்வதில்லை. என்னுடையது எப்போதும் திறந்தது.

பிறகு ஒருநாள் அவன் போன் செய்தான்.

"மாப்ள, ஒரு அப்டேட் வரும். போட்டுக்க. சிங்கத்துக்கு முடியெல்லாம் காத்துல பறக்கும்."

போட்டேன். முடி நன்றாகத்தான் பறந்தது. சில வாரம் எந்தக் குறையும் இல்லை.

குஜிலியம்பாறைப் பக்கம் ஒரு காதுகுத்து வந்தது. குழந்தையின் தாய் நூல் மில்லில் வேலை பார்க்கிறவர். அவருக்கு இரண்டு அண்ணன், ஒரு தம்பி. தம்பி தன் விருப்பத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டதால் அண்ணன்கள் அவரைச் சேர்ப்பதில்லை. அழைப்பிதழில்கூட அவர் பேர் இல்லை. காலையில் மேடைக்குப் பின்னால் நான் வயரை இழுத்துக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் போனோடு வந்தார்.

"அண்ணே, எந்தம்பி வாரானாம். கரூர் தாண்டிட்டானாம். வருவானான்னு எனக்கே நம்பிக்க இல்ல. இந்தாங்க, பஸ்ல இருந்தே போட்டோ அனுப்பிருக்கான்."

"சரிம்மா, மூணாவதாப் போட்டுருவோம்."

"இல்லண்ணே. மொதல்ல போடணும்." சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டார். "எங்க வீட்டுக்காரரு லாரியில அடிபட்டு ஆஸ்பத்திரியில கெடந்தப்ப அவன் ஒருத்தன்தான் வந்து கூட இருந்தான். காது குத்தப் புள்ளைய மடியில வைக்கிறது பெரியண்ணன்தான். அத நான் மாத்த முடியாது. இந்தத் தெரையில மட்டுமாச்சும் அவன் மொதல்ல வரட்டும்."

மடிக்கு முறை உண்டு. பந்திக்கு முறை உண்டு. திரை புதிதாக வந்தது, அதற்கு இன்னும் யாரும் முறை வைக்கவில்லை. அந்த ஓர் இடத்தைத்தான் அவர் கண்டுபிடித்திருந்தார்.

"பெரியவுக கோவிச்சா?"

"மிஷின் தப்பாப் போட்டுருச்சுன்னு சொல்லிருங்க. மிஷினோட யாரு சண்டைக்குப் போவா?"

சிரித்துவிட்டு, சரி என்று வாக்குக் கொடுத்தேன். லேப்டாப்பைத் திறந்தேன்.

என் பேர் வரவில்லை. வெள்ளையாக ஒரு பெட்டி வந்தது. நான் கூட்டிப் படித்தவரை, இலவசமாகப் பார்த்த காலம் முடிந்தது, மாதமா வருஷமா தேர்ந்தெடு என்று இருந்தது. பெட்டியை மூடினால் எல்லாமே மூடிக்கொண்டது. மறுபடி திறந்தேன், மறுபடி அதே பெட்டி. நான் எதையும் இலவசமாகப் பார்க்கவில்லை, பைக்கை விற்று வாங்கியிருக்கிறேன் என்று அந்தப் பெட்டியிடம் சொல்ல வழி இல்லை.

அன்றைக்குத் திரை என் சிநேகிதனுடையது. மேடை ஓரத்தில்தான் நின்றான். கூப்பிட்டேன்.

"தொறக்க மாட்டேங்குது மாப்ள. என்னமோ காசு கேக்குது."

வந்தான். பெட்டியைப் படிக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து தன் கார்டை எடுத்தான். படிக்காமலே கார்டை எடுத்தான் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

"ரெண்டாவது கட்டத்த அமுக்கு. நம்பர் நான் சொல்றேன். அப்பறமா எனக்குக் குடு."

"எனக்குத்தான் சொந்தமாச்சே. எதுக்குக் கட்டணும்?"

"அதெல்லாம் பெறகு பேசிக்கலாம். வாசல்ல கொட்டு கேக்குதா இல்லயா?"

கேட்டது. சரவெடியும் கேட்டது. மொட்டை அடித்துச் சந்தனம் பூசிய பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெண் மேடையில் நின்றார். எல்லாரும் வாசலைப் பார்த்தார்கள். அவர் மட்டும் என்னைப் பார்த்தார்.

கடைசியில் ஒரு சின்னக் கட்டம் இருந்தது. அதற்குப் பக்கத்தில் நீளமாக எழுதியிருந்தது. "அதுலயும் டிக் பண்ணு" என்றான். பண்ணினேன்.

சிங்கம் நடந்து வந்தது. பஸ்ஸில் எடுத்த போட்டோ என்பதால் முகத்தில் ஜன்னல் கம்பியின் நிழல் விழுந்திருந்தது. அதை எடுக்க நேரம் இல்லை. அப்படியே கிரீடத்தை இறக்கினேன். வாசலில் அண்ணன்களுக்குப் பின்னால் ஒற்றைத் தட்டோடு வந்துகொண்டிருந்த தம்பி, திரையில் தன்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார். பின்னால் வந்த அவர் மனைவி அவர்மேல் முட்டிக்கொண்டார்.

"ஏலே, வரிச மாறிப்போச்சு!" என்று அண்ணன்களில் பெரியவர் சத்தம் போட்டார்.

"மிஷின் தப்பாப் போட்டுருச்சுங்கய்யா."

"மிஷினுக்கு என்ன எழவு தெரியும் மூத்தவன் எளையவன்" என்று சொல்லிக்கொண்டே அவர் மேடைக்குப் போனார். அந்தப் பெண் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

வீடியோக்காரர்களுக்குக் கடைசிப் பந்தி. பொரியல், கூட்டு என்று வெஞ்சனமெல்லாம் தீர்ந்து, ரசமும் உடைந்த அப்பளமும் இருக்கும். நானும் சிநேகிதனும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்தோம். அப்போதுதான் கார்டு ஞாபகம் வந்தது.

"அப்டேட் போட்டா இப்படி ஆகும்னு ஒனக்குத் தெரியுமா?"

அவன் சோற்றைப் பிசைந்தான். "தெரியும்."

"எப்பருந்து?"

உடைந்த அப்பளத்தை இன்னும் இரண்டாக உடைத்தான்.

"எனக்கு வித்தப்பவே தெரியுமா?"

"மாப்ள, பழைய லைசென்ஸு கொஞ்சம் எங்கிட்ட தங்கிருச்சு. அதத் தள்ளிவிட்டாத்தான் புது வாடக சாப்ட்வேருக்கு ஏஜென்சி தருவேன்னான் கம்பெனிக்காரன். ஊர்ல எல்லாப் பயலும் பென்டிரைவ்ல சுத்துறான். நான் யாருகிட்டப் போயி விப்பேன்? காசு குடுத்து வாங்குறவன் நீ ஒருத்தன்தான்."

"ரசம் ஊத்தவாண்ணே?" என்று பரிமாறுகிறவர் வந்தார்.

"அவருக்கு ஊத்துங்க" என்று அவன் என் இலையைக் காட்டினான். "சோறு இன்னுங் கொஞ்சம் போடுங்க. காலையில இருந்து ஒண்ணும் சாப்டல அவரு."

அவன் சொன்னது உண்மை, நான் சாப்பிட்டிருக்கவில்லை. சாப்பிட்டேன். பசி இருந்தது. கம்பெனிக்காரன் ஏமாற்றியதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை, அவனுக்கு என்னைத் தெரியாது. இவனுக்கு என் வயிறு தெரியும், என் பாய் தெரியும், என் பேரைத் திரையில் பார்க்க எனக்கு எவ்வளவு ஆசை என்பதும் தெரியும். தெரிந்ததை வைத்துத்தான் விற்றான்.

பிறகு அகரத்தில் உட்கார்ந்து அந்தச் சின்னக் கட்டத்தின் பக்கத்தில் இருந்ததைச் சொல் சொல்லாகப் படித்தேன். பழைய உரிமத்தை விட்டுக்கொடுக்கச் சம்மதம் என்பதுதான் அது. பழையதைத் திரும்பப் போட்டாலும் பிரயோஜனமில்லை, புதியதில் சேமித்த வேலை எதுவும் அதில் திறக்காது. அவன் அழுத்தச் சொன்னது வருஷக் கணக்கு, ஆடியில் நிறுத்தவும் முடியாது. அந்த ஆடி முழுக்க வேலை இல்லாமல் இருந்தேன். மொத்தமாகக் கட்டிய வாடகை மட்டும் கழிந்துகொண்டிருந்தது.

கேள்விப்பட்ட ஸ்டுடியோக்காரர் ஒருவர் தேடி வந்தார். "ஊர் ஒலகத்துக்கெல்லாம் பூட்டு நம்ம ஊர்ல இருந்து போகுது. ஒனக்குப் பூட்டுப் போட ஒருத்தன் வெளியில இருந்து வந்துட்டான் பாரு" என்று சிரித்துவிட்டு, திருட்டுப் பிரதி இருக்கிற அந்தப் பென்டிரைவை மேசையில் வைத்துவிட்டுப் போனார். டிராயரில் போட்டேன். இன்னும் செருகவில்லை. நல்லவன் என்பதால் அல்ல. மாமன் நெற்றியில் வந்த சிவப்பு எழுத்து மறக்கவில்லை.

சிநேகிதனுக்குத் தரவேண்டியதைத் தந்துவிட்டேன். இப்போது அவன் திரை இருக்கிற மண்டபத்துக்கு நான் போவதில்லை. அவன் போன் செய்தால் எடுக்கிறேன், பேசுவதற்கு எதுவும் இருப்பதில்லை.

மழைக்காலத்தில் அந்த நூல் மில் பெண் பஸ் மாறி அகரத்துக்கு வந்தார். தம்பி திரையில் வருகிற பகுதி மட்டும் தனியாக வேண்டும் என்றார்.

"பெரியண்ணன் இன்னும் மிஷினத்தான் வஞ்சுக்கிட்டு இருக்கு" என்றார். "ஆனா தம்பி வீட்டுக்கு ஒரு நட போயிட்டு வந்துருச்சு."

ஜன்னல் கம்பியின் நிழலை எடுத்துவிட்டுத் தரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றார். அவர் கொண்டுவந்த பென்டிரைவில் ஏற்றி, அவருக்கு முன்னாலேயே ஓட்டிக் காட்டினேன். இதை ஓட்ட எந்த சாப்ட்வேரும் வேண்டாம், எந்த டிவியிலும் ஓடும் என்று சொன்னேன். அதை மடித்த கைக்குட்டைக்குள் வைத்துக்கொண்டே கேட்டார்.

"ஆயுசுக்கும் இருக்குமாண்ணே?"

ஆமாம் என்பது வாய்வரை வந்தது.

"வேற ரெண்டு எடத்துலயும் காப்பி எடுத்து வச்சுக்கங்கம்மா. ஒண்ணு தம்பிகிட்டக் குடுத்துருங்க. அப்பப்ப போட்டுப் பாத்துக்கங்க" என்றேன்.