அடுத்த பெயர் அண்ணனுடையது

வேனக்காவுக்கு மறதி என்பதே கிடையாது. அவள் ஓட்டுகிற பள்ளி வேனில் எந்தப் பிள்ளைக்கு ஜன்னலோரம் கொடுக்காவிட்டால் குமட்டும், எந்தப் பிள்ளை தண்ணீர் பாட்டிலை சீட்டுக்கடியில் விட்டுவிட்டு இறங்கும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அப்படிப்பட்டவள் அண்ணன் செய்ததை மட்டும் மறந்துவிடுவாளா? மறக்கவில்லை. மறக்கவும் கூடாது.

அவன் செய்தது இதுதான். அவள் ஒரு மெக்கானிக்கை விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டாள். நகக்கண்ணில் கிரீஸ் படிந்தவனெல்லாம் நம் வீட்டு மாப்பிள்ளையா என்று அண்ணன் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தான். சில வருஷம் கழித்து அப்பா இறந்துபோனார். தகவல் தெரிந்து அவள் ஓடியபோது, இரும்புக் கதவைப் பூட்டி இரண்டு தடியன்களைக் காவலுக்கு நிறுத்தியிருந்தான். கம்பியைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள், கத்தினாள், கடைசியில் வாயில் வந்தபடி திட்டினாள். உள்ளேயிருந்து அவன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அப்பாவை ஏற்றிக்கொண்டு போன வண்டியின் முதுகைத்தான் அவளால் பார்க்க முடிந்தது.

அண்ணன் கட்சிக்காரன். கஞ்சி போட்ட சட்டை கசங்கிவிடுமென்று நாற்காலியில் சாயக்கூட மாட்டான். ஊரில் அவனுக்குப் பெயரே கஞ்சிச்சட்டை. சட்டசபையில் ஒரு நாளாவது உட்கார்ந்துவிட வேண்டும் என்பதுதான் அவன் பிறவிப் பயன்.

அவர்கள் நாட்டில் சட்டசபைக்கு ஜனங்கள் ஓட்டுப் போடுவது ஆளுக்கல்ல, கட்சிக்கு. மாவட்டத்துக்கு ஒரு பெயர்ப் பட்டியலைக் கட்சி முன்கூட்டியே கொடுத்துவிடும். எத்தனை இடம் கிடைக்கிறதோ அத்தனை பேர் மேலிருந்து வரிசையாகப் போய் உட்காருவார்கள். நடுவில் ஒருவர் ராஜினாமா செய்தால் இடைத்தேர்தல் கிடையாது, அடுத்த பெயருக்கு இடம் போகும். ஆணும் பெண்ணும் மாறி மாறி வரவேண்டும் என்பது விதி. முதல் பெயர் கட்சியில் பெரியவர் என்று எல்லோரும் அழைக்கும் ஒரு கிழவருடையது, மூன்றாவது அண்ணனுடையது. நடுவில் போட ஒரு பெண் பெயர் வேண்டியிருந்தது, அதுவும் சொன்ன பேச்சைக் கேட்கும் பெண்ணாக.

அதற்காகத்தான் அத்தனை வருஷம் கழித்து அண்ணன் பழக்கூடையோடு அவள் வீட்டுப் படியேறினான். வாயெல்லாம் பல். சின்ன வயதில் கூப்பிட்ட மாதிரி 'பாப்பா' என்றான். ஒரு கையெழுத்து, வெறும் பெயருக்குத்தான் என்றான். அவளுக்கு அந்த இரும்புக் கதவுதான் ஞாபகத்துக்கு வந்தது. ஆனாலும் ஏனோ கையெழுத்துப் போட்டாள். பழத்தைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள்.

அவர்கள் மாவட்டத்தில் கட்சிக்கு ஓரிடம் கிடைத்தது. பெரியவர் போய் உட்கார்ந்தார். அண்ணன் அவரை நிம்மதியாக உட்கார விட்டால்தானே? தலைமைக்கு நடையாய் நடந்து, யார் யார் காலையோ பிடித்து, பெரியவருக்கு ஒரு வாரியத் தலைவர் பதவி வாங்கிக் கொடுத்தான். இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தராது. பெரியவர் தன் கைப்பட ராஜினாமா எழுதி சபாநாயகரிடம் நேரில் கொடுத்தார். யாராவது மிரட்டினார்களா என்று சபாநாயகர் கேட்டுவிட்டு ஏற்றுக்கொண்டார். இடம் காலி என்று தேர்தல் அலுவலகத்துக்குத் தகவல் போனது. அங்கே பட்டியலை எடுத்துப் பார்த்து வேனக்காவைக் கூப்பிட்டார்கள்.

கூப்பிடுவதற்கு முன்பே அண்ணன் வந்துவிட்டான். வேண்டாம் என்பதை அவளே நேரில் வந்து அதிகாரி முன்னால் வாயால் சொல்ல வேண்டும், பதிலாள் செல்லாது. அதனால் காரில் கூட்டிப்போய்க் கொண்டுவந்து விடுகிறேன் என்றான். அவள் சரி என்று தலையாட்டினாள்.

அலுவலகத்துக்குப் போவதற்கு முதல் நாள் சாயங்காலம் மெக்கானிக், நமக்கு எதற்கு இந்த வம்பு, விட்டுத்தொலை என்றான். நல்ல மனுஷன், அப்படித்தான் சொல்வான்.

"அப்பா முகத்தப் பாக்க விடாதவனுக்கு நான் வழி விடணுமா?" என்றாள். "என் உடம்புல உசிரு இருக்கற வரைக்கும் நடக்காது."

தேர்தல் அலுவலகத்தில் அண்ணன் புதுச் சட்டையில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். அதிகாரி ஒரு பெண். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, இந்த இடத்தை ஏற்கிறீர்களா, மறுக்கிறீர்களா என்று கேட்டாள்.

"ஏத்துக்கறேன்," என்றாள் வேனக்கா.

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. வெளியே வந்ததும் நடுத்தெருவில் கத்தினான். வேன் ஓட்டுகிறவளுக்குச் சட்டசபையில் என்ன வேலை என்றான், ஊரே கைகொட்டிச் சிரிக்கும் என்றான். அவள் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து நன்றாகச் சாப்பிட்டாள்.

கத்தி முடித்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது. அவள் ராஜினாமா செய்தால் அடுத்த பெயர் அவனுடையது. மறுநாளே குரல் தேனாகிவிட்டது. கொஞ்ச நாள் உட்கார்ந்து ஆசை தீர்ந்ததும் எழுதிக் கொடுத்துவிடு பாப்பா என்று கெஞ்சினான். பார்க்கலாம் அண்ணா என்றாள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அவன் நாயாய்ப் பேயாய் அலைந்த அழகை அவள் சாகும்வரை மறக்கமாட்டாள்.

காலையில் கார் கொண்டுவந்து வாசலில் நிற்பான். கதவைத் திறந்துவிடுவான். அவள் கைப்பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வருவான். மெக்கானிக்கை 'மாப்பிள்ளை' என்று கூப்பிடத் தொடங்கினான். மெக்கானிக் கூச்சத்தில் பட்டறையை விட்டு வெளியே வரவில்லை. அவள் வேண்டுமென்றே அண்ணனை வெயிலில் காக்க வைப்பாள். சபைக் கூட்டம் முடிந்தும் உள்ளே உட்கார்ந்து நிதானமாக டீ குடிப்பாள். வெளியே கஞ்சி கரைந்து சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும். அதைப் பார்க்கையில் அவளுக்கு மனசு குளிரும். பாவம் என்று ஒரு தடவைகூடத் தோன்றியதில்லை.

சபையில் அவள் அதிகம் பேசவில்லை. பள்ளிக்கூட வாசல்களில் வேகத்தடை போட வைத்தாள், அவ்வளவுதான். கேட்டால், அது போதும் என்பாள்.

பட்ஜெட் முடியட்டும் என்றாள். முடிந்தது. மழைக்காலக் கூட்டம் முடியட்டும் என்றாள். அதுவும் முடிந்தது. சபையின் ஆயுள் முடிய இன்னும் ஒரு வருஷம் இருந்தபோது, உண்மையாகவே எழுதிக் கொடுத்துவிடலாமா என்று அவளுக்கே அலுப்புத் தட்டியது. ராஜினாமாவை எப்படி எழுத வேண்டும் என்று சபைச் செயலாளரிடம் போய்க் கேட்டாள். சொல்லிக் கொடுத்த செயலாளர், சீக்கிரம் முடிவு பண்ணுங்கள் என்றார். கடைசி ஆறு மாதத்துக்குள் காலியாகும் இடத்தை யாருக்கும் கொடுப்பதில்லை, அது அப்படியே காலியாகக் கிடக்கும் என்று விளக்கினார்.

அவள் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தாள். அலுப்பு போன இடம் தெரியவில்லை.

அண்ணனுக்கு இது தெரியாதா என்று கேட்கலாம். இடம் தன் கைக்கு எப்படி வரும் என்கிற பக்கத்தை அவன் மனப்பாடமாக வைத்திருந்தான். எப்போது வராது என்கிற பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவே இல்லை. ஆசைப்பட்டவன் அதையெல்லாம் படிக்கமாட்டான். தேதி சொல் பாப்பா என்று அவன் நச்சரித்தபோது, அவள் காலண்டரைப் பார்த்து, அந்த ஆறு மாதம் தொடங்கும் நாளுக்கு மறுநாளைச் சொன்னாள். அவன் கண் கலங்கிவிட்டது. நீதான் என் கூடப்பிறந்தவள் என்றான்.

அன்றைக்கு அண்ணன், அண்ணி, அண்ணியின் உறவுக்கூட்டம் எல்லோரும் பார்வையாளர் மாடத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவள் காலையிலேயே சபாநாயகரைப் பார்த்தாள். யாராவது கட்டாயப்படுத்தினார்களா என்று அவர் கேட்டார்.

"எங்க அண்ணன் ரொம்ப நாளா கேட்டுட்டு இருக்காரு," என்றாள். "ஆனா இது என் சொந்த இஷ்டம்."

சபை கூடியதும் சபாநாயகர் ராஜினாமாவை வாசித்தார். இடம் காலியானதாக அறிவித்தார். மாடத்தில் அண்ணன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தே நின்றுவிட்டான். கடைசி ஆறு மாதத்துக்குள் வந்த காலியிடம் என்பதால் இது நிரப்பப்படாது என்று சொல்லிவிட்டு, சபாநாயகர் அடுத்த அலுவலுக்குப் போனார். அண்ணி, என்னங்க சொல்றாங்க, என்னங்க சொல்றாங்க என்று அவன் கையைப் பிடித்து உலுக்கினாள்.

சாயங்காலம் அவன் போன் செய்தபோது வேனக்கா வேனைக் கழுவிக்கொண்டிருந்தாள். கத்துவான் என்று எதிர்பார்த்தாள். அவன் அழுதான்.

"இதுக்கு நீயே உக்காந்திருக்கலாமே. உனக்கும் இல்லாம, எனக்கும் இல்லாம... என் இடத்த ஏன் இப்படிப் பாழாக்கின?"

"உன் இடத்துல யாரும் உக்காரலண்ணா," என்றாள். "ஆறு மாசமும் அப்படியேதான் இருக்கும். மாடத்துல இருந்து நல்லாத் தெரியும். தினமும் போய்ப் பாத்துட்டு வா."