மஞ்சள் காருக்கு ஒரு விரல்

எங்கள் கிளேர் மாவட்டத்துக் கிராமங்களில் எதிரே வண்டி வந்தால் வணக்கமாக ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்க வேண்டும். தூக்காதவன் வெளியூர்க்காரன், இல்லையென்றால் திமிர் பிடித்தவன்.

பக்கத்து வீட்டு பிரீட் ஹெஹிர், கணவன் மோஸி இறந்த பிறகும் அவனுடைய பெரிய நீல ஜீப்பைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே ஆட்டு வாடை, நாய் மயிர். ஏறி உட்காருவதற்குள் முழங்கால் உயிரை வாங்கும். குறுகலான பாதையில் ரிவர்ஸ் எடுக்க அவளுக்கு வராது. ஜீப்பின் அளவைப் பார்த்து மற்றவர்களே ஒதுங்கிவிடுவார்கள். ஆனால் எனிஸ் நகரத்துக்குப் போய் வந்தால் வழியெல்லாம் விரல் எழும். "தனியா இருக்கேன்னே தோணல நுவாலா" என்பாள் என்னிடம்.

கடைசியில் முழங்கால்தான் ஜெயித்தது. கார் வியாபாரி கோல்மன், ஜீப்புக்குப் பதிலாகக் குட்டி மஞ்சள் கார் ஒன்றைக் காட்டினான். நாற்காலியில் உட்காருவது போல உட்காரலாம், பெட்ரோல் குறைவு, எனிஸில் எந்த இடுக்கிலும் நிறுத்தலாம். பிடிக்காவிட்டால் சனிக்கிழமைக்குள் ஜீப்பைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னான். ஜீப்பை அவனிடம் விட்டுவிட்டுக் காரை எடுத்து வந்தாள்.

மறுநாள் எனிஸ் போய் வந்தவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் என் சமையலறையில் உட்கார்ந்தாள்.

"ஒருத்தனும் விரல் தூக்கல."

"யாரு காருன்னு தெரிஞ்சிருக்காது."

"நான் தூக்கினேன்டி. போஸ்ட்மேன்கூட யாரோ டூரிஸ்ட்டுன்னு பாத்துட்டுப் போறான். இத்தன நாளும் மோஸி வண்டிக்குத்தான் மரியாதை. எனக்கில்ல."

எனக்கு ஊர் மேலேயே எரிச்சல் வந்தது. தேநீரை ஊற்றினேன்.

"ஜீப்பையே எடுத்துக்கறேன்."

"முழங்கால்?"

"வலிச்சா வலிக்கட்டும்."

சனிக்கிழமை கோல்மனிடம் போகும்போது துணைக்கு நானும் ஏறிக்கொண்டேன். இருபுறமும் கல்சுவர் உள்ள பாதையில் பாதி தூரம் போயிருப்போம். எதிரே ஒரு டிராக்டர், வைக்கோல் ஏற்றிய டிரெய்லரோடு. அதன் பின்னால் ஆட்டுச் சந்தையிலிருந்து திரும்பும் வண்டிகளின் வரிசை. அவர்கள் பின்வாங்க வழியே இல்லை.

"இப்ப என்னடி செய்யறது?"

"ரிவர்ஸ் எடு."

"எனக்கா? இந்த ஜென்மத்துலயா?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன். கார் முனகிக்கொண்டே பின்னால் போனது, நின்றது, வளைந்தது. கண்ணைத் திறந்தால் வயல்கேட்டுக்கு முன்னால் இருந்த சிறு இடத்தில் அடக்கமாக நின்றிருந்தோம். ஜீப்பின் பாதிகூட அங்கே நுழைந்திருக்காது.

டிராக்டரை ஓட்டி வந்த எங்கள் ஊர் டைக், குனிந்து உள்ளே பார்த்தான். "அட, பிரீட்டா? அழகா எடுத்துட்டியே." விரலைத் தூக்கினான். பின்னால் வந்த ஒவ்வொருவரும் குனிந்து அவள் முகத்தைப் பார்த்துவிட்டு விரல் தூக்கிப் போனார்கள். பதிலுக்கு அவளும் தூக்கினாள். கன்னம் சிவந்திருந்தது.

கோல்மன் ஜீப் சாவியோடு வாசலுக்கே வந்துவிட்டான்.

"அத உள்ள வைப்பா" என்றாள் பிரீட், காரை விட்டு இறங்காமலே. "டயர்ல காத்து மட்டும் பாத்து விடு."